கிறிஸ்மஸ், தர்மம், அக்கம்பக்கம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிச் சீமையில் டிசம்பர் பிறந்தால் எந்தச் சேகரத்துக்கு, அதாவது சபை வட்டாரத்துக்கு, போனாலும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பிள்ளைகள் நாடக ஒத்திகையில் கேட்பார்கள். பெரியவர்கள் வீடு வீடாகப் பாடிப்போகும் பாட்டு பவனி முடிந்து கருப்பட்டிக் காப்பி குடிக்கும்போது கேட்பார்கள். சில கேள்விகள் கூட்டத்தில் வராது. கோயில் படி இறங்கும்போது தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஞாயிறு பள்ளி நடத்துகிறவள் என்ற முறையில் நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

டீச்சர், இயேசப்பா நெசமாவே டிசம்பர் 25-லதான் பொறந்தாரா?

வேதத்தில் தேதி இல்லை. பிறப்பின் கதையைச் சொல்வது மத்தேயுவும் லூக்காவும் மட்டுமே. இரண்டு பேரும் மாதத்தைக்கூடக் குறிப்பிடவில்லை. ரோமாபுரியில் 336-ஆம் ஆண்டு வாக்கில் டிசம்பர் 25 அனுசரிக்கப்பட்டதற்கு ஒரு பழைய பட்டியலில் சான்று இருக்கிறது. ஆர்மீனியத் திருச்சபையார் இன்றைக்கும் ஜனவரி 6-ல்தான் கொண்டாடுகிறார்கள். தேதிக்காக யாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

சாஸ்திரிகள் மூணு பேருதானே? நாலு பிள்ளைய நிக்க வைக்கலாமா?

தாராளமாக. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைதான் மூன்று. குழந்தையைத் தேடிக் கிழக்கிலிருந்து வந்த அந்த ஆட்கள் எத்தனை என்று மத்தேயு சொல்லவில்லை. அவர்கள் ராஜாக்கள் என்றும் இல்லை, தொழுவத்துக்கு வந்தார்கள் என்றும் இல்லை. "அந்த வீட்டுக்குள் பிரவேசித்து" என்றுதான் இருக்கிறது. மேய்ப்பரையும் சாஸ்திரிகளையும் ஒரே குடிலில் நிறுத்துவது பிற்காலத்து வழக்கம். குடில் வைக்கும் பழக்கம் பரவியதற்கே 1223-ல் அசிசி பிரான்சிஸ் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில், நிஜ மாட்டையும் கழுதையையும் கட்டி வைத்துக் காட்டியதைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள்.

சத்திரக்காரன் வேஷத்துக்கு எந்தப் பயலும் வர மாட்டேங்கான். அவன் அவ்வளவு கெட்டவனா?

சத்திரக்காரன் என்று ஓர் ஆளே வேதத்தில் இல்லை. "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால்" என்று லூக்கா ஒரு வரியில் முடிக்கிறார். குடிமதிப்பு எழுத வந்த கூட்டத்தில் இடம் நிறைந்துவிட்டது. யாரும் விரட்டினார்கள் என்று எழுதவில்லை. முன்னணை இருந்த இடத்தை யாரோ விட்டிருக்கவும் வேண்டும். அவர் பேரும் தெரியாது. எங்கள் நாடகத்தில் அந்தப் பையனைக் கத்த வேண்டாம் என்று சொல்லி, கையில் ஒரு அரிக்கேன் விளக்கைக் கொடுத்து வழிகாட்ட விட்டோம். அதற்குப் பிறகு அந்த வேஷத்துக்குப் போட்டி.

ஆனால் இடமில்லை என்று சொல்லும் ஆட்களை நாம் வேறு இடத்தில் பார்க்கிறோம். வாடகைக்கு வீடு கேட்டு ஒருவர் வருகிறார். "நீங்க எந்த ஆளுக?" என்று முதலில் கேட்கிறோம். பதில் பிடிக்கவில்லையென்றால், "மெட்ராஸ்ல இருந்து மகன் வாரான், இப்ப வீடு விடுறதா இல்ல" என்கிறோம். வாசலில் ஸ்டார் தொங்கும் வீட்டிலேயே இதைக் கேட்டிருக்கிறேன்.

கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போடுறது பாவம்னு ஒருத்தர் சொல்லிட்டாரு. நிப்பாட்டிருவோமா?

நிப்பாட்ட வேண்டாம், கதையைச் சேர்த்துச் சொல்லுங்கள். இப்போது துருக்கி என்று சொல்கிற தேசத்தில் மீரா என்ற ஊரில் நான்காம் நூற்றாண்டில் பேராயராக இருந்தவர் நிக்கொலாஸ். அவர் நினைவுநாள் டிசம்பர் 6. அவரைப் பற்றி வழிவழியாக வரும் கதை இது: நொடித்துப்போன ஒரு தகப்பனுக்கு மூன்று பெண்கள். சீதனம் கொடுக்க வழியில்லை. பெண்களை விற்கும் நிலைமை. நிக்கொலாஸ் ராத்திரியில் போய் ஜன்னல் வழியாகப் பொன்முடிப்பை எறிந்துவிட்டு வந்துவிடுவார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒன்று. இது வேதத்தில் உள்ளதல்ல, பாரம்பரியக் கதை. ஆனாலும் ராத்திரி ஏன் போனார் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அந்தத் தகப்பன் நாளைக்குத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டுமே!

சவரன் கணக்குப் பேசாமல் நடக்கிற கிறிஸ்தவக் கல்யாணம் நம் சீமையில் அபூர்வம். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. நாம் "அவங்க பொண்ணுக்கு அவங்க போடுதாங்க" என்று பேச்சை மாற்றிக்கொண்டோம். மகனுக்குப் பெண் பார்க்கிற வீட்டார் ஒன்றும் கேட்காமல் இருந்தாலே ஒரு தகப்பன் நிம்மதியாகத் தூங்குவார். தாத்தா வேஷத்தைவிட நிக்கொலாஸுக்குக் கிட்டத்தில் வருவது அதுதான்.

யோசேப்பு சும்மா கூட நின்னவருதானே? அவரப் பத்தி யாரும் பிரசங்கம் பண்றதே இல்லியே?

சுவிசேஷங்களில் யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. அதனால் நாடகத்தில் தாடி ஒட்டி ஓரமாக நிறுத்திவிடுகிறோம். மத்தேயு முதல் அதிகாரம் 19-ஆம் வசனத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள்: "நீதிமானாயிருந்து, அவளை அவமானப்படுத்த மனதில்லாமல், இரகசியமாய் அவளைத் தள்ளிவிட யோசனையாயிருந்தான்."

தனக்கு நிச்சயமான மரியாள் கர்ப்பவதி என்று தெரிந்தபோது நடந்தது இது. தூதன் இன்னும் வரவில்லை. தனக்குத் துரோகம் நடந்துவிட்டது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நியாயம் தன் பக்கம். நாலு பேரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைத்திருக்கலாம். ஊரும் அவரைத்தான் பாவம் என்றிருக்கும். அந்த நிலையிலும் அந்தப் பெண் பேர் கெடக் கூடாது என்று நினைத்தவரை வேதம் நீதிமான் என்கிறது. கிறிஸ்மஸ் கதையிலேயே நான் அதிகம் யோசித்த வசனம் இதுதான். பிறர் மானத்தைக் காப்பது நீதியில் சேர்ந்தது என்று அந்த வசனம் சொல்கிறது. தர்மம் செய்வது பற்றிக் கீழே நான் எழுதுவதெல்லாம் இதை ஒட்டித்தான்.

அன்றாடத்தில் இதற்கு வேலை நிறைய உண்டு. ஒரு பெண் வீட்டைவிட்டுப் போய்விட்டாள், ஒரு பையன் வேலையில் பணத்தைக் கையாடிவிட்டான் என்று காதில் விழுந்தால், சபை வாட்ஸ்அப் குழுவில் "இந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள்" என்று முழு விவரத்தையும் போடுகிறோம். ஜெபம் என்ற பேரில் போகிற வதந்தியை யாரும் தட்டிக் கேட்பதும் இல்லை. யோசேப்பு அந்தக் குழுவில் இருந்திருந்தால் அந்தச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பியிருக்க மாட்டார்.

அன்னன்னைக்குப் பாடு பாக்கதே பெரும்பாடு. நானும் தர்மம் பண்ணணுமாக்கா?

பிள்ளை பிறந்தால் ஆலயத்தில் ஒரு ஆட்டுக்குட்டி கொடுக்க வேண்டும் என்பது நியாயப்பிரமாணம். சக்தியில்லாதவர்கள் இரண்டு புறா கொடுத்தால் போதும் என்று லேவியராகமம் 12-ல் சலுகை இருக்கிறது. மரியாளும் யோசேப்பும் எருசலேமுக்குப் போனபோது புறாக் காணிக்கைதான் என்று லூக்கா எழுதுகிறார். ஆகவே இயேசு பிறந்த வீடு ஆட்டுக்குட்டி வாங்க முடியாத வீடு. உங்களால் முடியாததை உங்களிடம் யாரும் கேட்கவில்லை.

நம் அம்மாமார்கள் உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். கைப்பிடி அரிசி என்று கோயிலுக்கு வரும். இல்லாதப்பட்ட வீட்டிலிருந்தும் வரும், யார் எவ்வளவு போட்டார்கள் என்றும் தெரியாது. இந்த வழக்கம் குறைந்து, உறையின் மேல் பேரும் தொகையும் எழுதிக் கொடுப்பது வந்துவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு.

தசமபாகம் கோயிலுக்குக் குடுத்தாச்சு. ஏழைக்குத் தனியா வேற குடுக்கணுமா?

உபாகமம் 14-ஆம் அதிகாரக் கடைசியைப் பாருங்கள். மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை, அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, வாசலில் வைத்து, ஆலய ஊழியம் செய்யும் லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் என்று இருக்கிறது. தசமபாகத்துக்குள்ளேயே ஏழையின் பங்கு உண்டு. அதனால் இரண்டு கேள்வி கேளுங்கள்: உங்கள் சபை வரவில் எவ்வளவு ஏழைகளுக்குப் போகிறது, உங்கள் தெருவில் சபைக் கணக்கில் வராத ஏழை யார். இரண்டுக்கும் பதில் தெரிந்தால் உங்களுக்கே முடிவு தெரியும்.

விதவைமாருக்குச் சேலை குடுக்கும்போது போட்டோ எடுக்கக் கூடாதா? பணம் அனுப்புனவங்களுக்குக் கணக்குக் காட்டணும்லா?

கணக்குக் காட்ட வேண்டும், முகத்தைக் காட்ட வேண்டாம். எத்தனை சேலை, என்ன விலை, கடை பில், வாங்கியவர்கள் கையெழுத்துப் போட்ட நோட்டு, இவ்வளவும் கமிட்டி பார்த்தால் போதும். துபாயிலிருந்தோ சென்னையிலிருந்தோ பணம் அனுப்பிய பிள்ளைகளுக்கு பில்லையும் மொத்தக் கணக்கையும் அனுப்புங்கள். "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்று ஆண்டவர் சொன்னது கணக்கு எழுதாதே என்பதற்காக அல்ல.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மேடையில் ஒரு பாட்டி. சேலைப் பெட்டியின் ஒரு முனை அவர் கையில், மறு முனை கொடுப்பவர் கையில். போட்டோ எடுப்பவர் "பாட்டி, இங்க பாருங்க, இங்க" என்கிறார். படம் சரியாக விழும் வரை இரண்டு பேரும் பெட்டியைப் பிடித்தபடியே நிற்க வேண்டியிருக்கிறது. பாட்டி முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டார். கீழே பாயில் அவர் பேரன், தன்னோடு படிக்கிற பையன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். அவன் தலையைத் தூக்கவே இல்லை.

வேறு மாதிரியும் செய்யலாம். யாராவது ஒரு வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துச் சேலைகளைப் பரத்தி, வந்தவர்கள் நிறம் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழுப்பு நிறச் சேலைதான் விதவைக்கு என்று நாம் முடிவுகட்ட வேண்டாம். கரும்பச்சை வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். டிசம்பர் முதல் வாரத்திலேயே கொடுத்தால்தான் ஜாக்கெட் தைத்துப் பண்டிகைக்குக் கட்ட முடியும். தையல் கூலியையும் சேர்த்துக் கொடுங்கள்.

தோனாவூரில் 50 வருஷம் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1951-ல் இறந்தபோது, தன் கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்து "அம்மா" என்று மட்டும் பொறித்தார்கள். நாம் கோயில் மின்விசிறி இறக்கையிலும் உபயம் எழுதுகிறோம்.

பக்கத்து வீட்டம்மா ரொம்பக் கஷ்டப்படுதாவ. ஆனா என்ன குடுத்தாலும் "இருக்கட்டும்மா"ன்னு திருப்பி விட்டுருதாவ. என்ன செய்ய?

இதற்குப் பெத்லகேமிலேயே பதில் இருக்கிறது. ஏழை விதவையான ரூத் கதிர் பொறுக்க வந்தபோது, வயலுக்குச் சொந்தக்காரரான போவாஸ் அவளைக் கூப்பிட்டு ஒரு மூட்டை வாற்கோதுமையைத் தலையில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். முதலில் அவர் செய்தது வேறு. அறுக்கிற ஆட்களிடம், அரிகளில் சிலதை வேண்டுமென்றே சிந்திவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்று சொல்லிவைத்தார். அவள் தன் உழைப்பில் பொறுக்கியதாகவே மாமியாரிடம் கொண்டுபோனாள். இந்த இரண்டு பேரின் வம்சத்தில்தான் இயேசு வருகிறார். மத்தேயுவின் வம்ச அட்டவணையில் பேர் இருக்கிறது. பிசான அறுவடையில் நம் வயல்களில் உதிர்ந்த கதிரை இல்லாதவர்களுக்கு விட்டுவிடுகிற வழக்கம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை உடனே புரியும்.

நீங்களும் சிந்திவிடப் பாருங்கள். முந்திரிக்கொத்துக்கு மாவு கரைக்க, முறுக்குச் சுற்ற அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கூலியும் பலகாரமும் கொடுங்கள். பிள்ளை பீஸை நேராகப் பள்ளிக்கூடத்தில் கட்டி ரசீதை வாங்காமல் வந்துவிடுங்கள். அவர் உங்களுக்குக் கொண்டுவரும் ஒரு கிண்ணம் அவியலை மறுக்காமல் வாங்கிச் சாப்பிடுவதும் முக்கியம். வாங்கத் தெரியாதவர்கள் கொடுக்கும்போது அடுத்தவருக்குக் கூச்சமாகத்தான் இருக்கும்.

வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு ஹோம் பிள்ளைங்களுக்குப் பிரியாணி போடுதோம். அது போதும்லா?

டிசம்பர் கடைசி வாரத்தில் ஹோம்களில் பிரியாணிக்குப் பஞ்சமே இல்லை. பிப்ரவரியில் போய்ப் பாருங்கள். தேதி குறிக்கும் முன் நடத்துகிறவர்களிடம் என்ன தேவை என்று கேளுங்கள். குளிக்கிற சோப்பு, ஜூன் மாத நோட்டு, ராத்திரி பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் என்று சொல்வார்கள்.

பாளையங்கோட்டையில் கண் தெரியாத பிள்ளைகளுக்காக 1890-ல் மிஸ் ஆஸ்க்வித்தும், காது கேளாத பிள்ளைகளுக்காக அதே பத்தாண்டில் மிஸ் ஸ்வைன்சனும் தொடங்கியது பள்ளிக்கூடங்கள். தினமும் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்த வேலை அது. பிரியாணி வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டால் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாடச் சொல்லாதீர்கள்.

குடிக்கிறவன் கையில காசு குடுத்தா பாவமாக்கா?

பாவம் என்று சொல்ல மாட்டேன், புத்திசாலித்தனம் இல்லை. அரிசியாக, மருந்தாக, வீட்டுப் பெண் கையில் கொடுங்கள். பசி என்று வந்து நிற்பவரிடம் குடியை விசாரித்துவிட்டுத்தான் சோறு போட வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கடன வாங்கியாவது பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக் குடுக்கணும்லா? நாலு பேரு என்ன நெனப்பாவ?

வேண்டாம். துணிக்காகவும் ஆட்டுக்கறிக்காகவும் டிசம்பரில் வாங்கிய கடன் ஆவணி வரை இழுக்கும். புறாக் காணிக்கையைப் பற்றி மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள். அந்தக் குடும்பம் கடன் வாங்கி ஆட்டுக்குட்டி கொடுக்கவில்லை. புதுத்துணி இல்லாத பிள்ளை கோயிலுக்கு வரக் கூசினால், குற்றம் சபையின் மேல். துவைத்த சட்டையோடு முதல் வரிசையில் உங்கள் பிள்ளைகளில் ஒருவனை உட்கார வையுங்கள், அடுத்த வருஷம் நாலு பேர் வருவார்கள்.

வட்டிக்கு விடுறவரு கோயிலுக்குப் பெருசா காணிக்கை குடுக்காரு. அத வாங்கலாமா? வாங்கலன்னா சண்டை வந்துரும்.

இது படியிறங்கும்போது கேட்ட கேள்வி. 2017-ல் கந்துவட்டிக் கொடுமையால் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. சின்னப் பிள்ளைகள் இரண்டு. அதிக வட்டியைத் தடுக்கும் சட்டம் 2003-லேயே வந்திருந்தும் அது நடந்தது. ஆகவே இதை நான் மழுப்பிச் சொல்ல மாட்டேன்.

ஏழையிடம் வட்டி வாங்காதே என்கிறது யாத்திராகமம் 22. அதற்கும் மேலே உபாகமம் 24-ல் ஒன்று இருக்கிறது: கடன் கொடுத்தவன் அடகு வாங்கக் கடனாளியின் வீட்டுக்குள் போகக் கூடாது, வெளியே நிற்க வேண்டும். யோசேப்பைப் பற்றிச் சொன்னதுதான் இங்கேயும். கடன்பட்டவனுக்கும் வாசல் உண்டு, மானம் உண்டு. வீடேறிப் போய்ப் பெண்களைப் பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு வருகிறவரிடம், இயேசுவைச் சந்தித்த வரி வசூல்காரன் சகேயுவின் கதையைத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். சகேயு ஆலயத்துக்கு ஒலிபெருக்கி வாங்கித் தரவில்லை. ஏமாற்றி வாங்கியவர்களுக்கு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தான்.

காணிக்கையைப் பெரிதாக அறிவிக்காதீர்கள், கல்வெட்டில் பேர் போடாதீர்கள். சபைப் போதகரான ஐயரும் வயதில் மூத்த ஒருவரும் வீட்டுக்குப் போய்ப் பேசட்டும்: "நீங்க கோயிலுக்குத் தர்றத, உங்ககிட்ட கடன்பட்டவங்களுக்குத் தள்ளுபடி பண்ணிருங்க." கேட்டால் சந்தோஷம். கேட்காவிட்டால் அந்தப் பணம் இல்லாமலே கோயில் நிற்கும்.

தீவாளிப் பலகாரம் வாங்கக் கூடாதுங்காங்க. நம்ம மட்டும் அவங்களுக்குக் கேக் குடுக்கலாமா?

கொடுக்கிறதை மட்டும் வைத்துக்கொண்டு வாங்க மறுப்பது உறவாகாது. படைத்ததா என்ற உறுத்தல் உள்ளவர்களுக்கு மனச்சாட்சிப்படி நடக்கப் பவுல் இடம் கொடுக்கிறார். ஆனால் கொண்டுவந்தவர் முகம் வாடும்படி வாசலில் வைத்து விசாரிக்கச் சொல்லவில்லை.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள், தங்கள் வீட்டையும் தண்ணீர் சுற்றியிருக்க, சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சாப்பிட்டவர் எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை. நல்ல சமாரியன் கதைக்கு அதற்குப் பிறகு நான் வேறு உதாரணம் தேடுவதில்லை. உதவி செய்துவிட்டு, "கூட்டத்துக்கு வாங்க" என்று கையோடு கேட்பதையும் விட்டுவிடுங்கள். சமாரியன் அடிபட்டவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அசனத்துல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுதோம். மறுநாள் பழையபடிதானே? பொறவு எதுக்கு அசனம்?

நியாயமான கோபம். அசனம் நம் சீமையின் நல்ல சொத்து. ஒரு வீட்டு அரிசி, இன்னொரு வீட்டு ஆடு, எல்லார் வீட்டுப் பெண்களும் சேர்ந்து நறுக்கிய கத்தரிக்காய், ஒரே அண்டாவில் வேகிறது. கடைசியில் தூக்குச்சட்டியோடு வருகிறவருக்கும் கிடைக்கும். அங்கே கொடுப்பவர் யார், வாங்குகிறவர் யார் என்று பிரிக்க முடியாது.

ஆனால் பாட்டு பவனி சில தெருக்களுக்குள் போகாமல் முனையிலேயே திரும்பினால், கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஒரு மூலை இருந்தால், அசனம் பொய்யாகிவிடும். இந்த வருஷம் பவனி போகிற தெருக்களின் பட்டியலைக் கமிட்டியில் கேட்டு வாங்குங்கள். விடுபட்ட தெருவில் முதல் வீட்டில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். தேவதூதரின் முதல் பாட்டு மேய்ப்பர்களிடம்தான் போனது.

ஏரோது பிள்ளைகளக் கொன்னப்போ கடவுள் இயேசுவ மட்டும் ஏன் காப்பாத்துனாரு? மத்த அம்மாமாருக்கு யாரு பதில் சொல்லுவா?

பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் கேட்டது. ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. மத்தேயுவும் காரணம் சொல்லவில்லை. அவர் தன் பிள்ளைகளுக்காக அழுகிற ராகேல் என்ற தாயின் அழுகையை எழுதி, "ஆறுதலடையாதிருக்கிறாள்" என்பதோடு நிறுத்திவிடுகிறார். ஆறுதல் அடையாததற்காக அவளைக் கடிந்துகொள்ளவில்லை. எகிப்துக்குத் தப்பிய பிள்ளையும் கடைசியில் தன் தாயின் கண்முன்னே சிலுவையில் செத்தது. மரியாளுக்கும் அந்தத் துக்கம் தெரியும் என்று மட்டும் அந்த அம்மாவிடம் சொன்னேன். திருச்சபை டிசம்பர் 28-ஐ அந்தக் குழந்தைகளின் நினைவுநாளாக வைத்திருக்கிறது. அன்றைக்கு அவர்கள் பிள்ளையின் பேரையும் ஜெபத்தில் சொன்னோம்.

அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் ஸ்டார் கட்ட மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள். நாம் கொண்டுபோக வேண்டும். 24-ஆம் தேதி காலையில், கூட்டம் இல்லாத நேரமாகப் போங்கள். "கர்த்தருடைய சித்தம்" என்று ஆரம்பிக்காதீர்கள். பவனி அந்த வீட்டுக்குப் போகலாமா என்பதை நீங்களாக முடிவு பண்ணாமல் முன்கூட்டியே கேளுங்கள். சிலர் இந்த வருஷம் வேண்டாம் என்பார்கள், சிலர் கட்டாயம் வந்து பாடுங்கள் என்பார்கள். வரச் சொன்னால், எந்தப் பாட்டு என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.